தேநீர்க் கடையில் பிறந்த தொழில்

கணிப்பொறித் துறையில் ஒரு வேலை தேடிக்கொள்ள வேண்டும் என்னும் ஆவல் இன்று பலதிறப்பட்ட மக்களிடத்தும் காணப்படுகிறது. படிப்பை முடித்து வெளிவரும் இளைஞர்களோடு, பல ஆண்டுகள் வேறு தொழிலில் உழைத்துப் பழகியவர்களும் நடுவயதில் அத்துறையின் வாயிலில் வந்து நிற்கின்றனர். கற்ற கல்வி வேறு, செய்த தொழில் வேறு. இனி இதனுள் நுழைய இயலுமா என்பதே இவர்கள் உள்ளத்தில் எழும் ஐயம்.

இவ்வையத்துக்கு விடை காண அத்தொழிலின் வரலாறு பெரிதும் துணை செய்யும். ஏனெனில், அது தோன்றிய நாளில் அதற்கென்று படித்தவர் உலகில் ஒருவரும் இலர். முதன்முதல் வந்தவர் யாவரும் வேறொரு வேலையை விட்டு வந்தவர்களே. அவர்கள் யாவர், எங்கிருந்து வந்தனர், எத்தகைய தகுதி கண்டு தெரிந்தெடுக்கப்பட்டனர் என்பவற்றை ஆராயுமிடத்து, வியப்பூட்டும் செய்திகள் பல வெளிப்படுகின்றன. அவற்றுள் மிகவும் வியப்புக்குரியது, அலுவலக வேலைக்கு உதவிய உலகின் முதல் கணிப்பொறி ஒரு தேநீர்க் கடை நிறுவனத்தில் பிறந்தது என்பதாகும்.

மனிதரைக் குறித்த சொல்

‘கம்ப்யூட்டர்’ என்னும் ஆங்கிலச் சொல் தொடக்கத்தில் பொறியைக் குறித்ததன்று. கணக்கிடும் ஆளைக் குறித்தது. 1767-ஆம் ஆண்டு முதல் பிரிட்டனில் வெளிவந்த கடற்பயணப் பஞ்சாங்கத்துக்காக, வானநூலறிஞர் நெவில் மாஸ்கலின் பலரை அமர்த்தியிருந்தார். அவர்கள் தத்தம் வீட்டிலிருந்தே திங்களின் நிலையையும் கோள்களின் நிலையையும் கணக்கிட்டு அனுப்பி வந்தனர். அவர்களே அக்காலத்துக் ‘கம்ப்யூட்டர்கள்’. இப்பெயர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் மனிதர்க்கே உரியதாக இருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெண்கள் பலர் இப்பெயரில் வேலை பார்த்தனர். பீரங்கிக் குண்டு செல்லும் பாதையைக் கணிப்பது அவர்கள் பணி. மேசைக் கணக்குப் பொறியைத் துணையாகக் கொண்டும் ஒரு பாதையைக் கணிக்க இருபது மணி நேரம் வரை பிடித்தது. இவ்வேலையை விரைவாக முடிக்கும் பொருட்டுப் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தில் எனியாக் என்னும் மின்னணுப் பொறி கட்டப்பட்டது. அதன் எடை முப்பது டன். அதில் இருந்த வெற்றிடக் குழல்கள் ஏறக்குறைய 18,000. இருபது மணி நேர வேலையை அஃது அரை நிமிடத்தில் முடித்தது.

அப்பொறிக்குக் கணக்கைக் கற்பிக்கும் பொறுப்பு, 1945-ஆம் ஆண்டில், கணக்காளராக இருந்த பெண்களுள் அறுவருக்குக் கொடுக்கப்பட்டது. கேத்லீன் மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காப், பிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்போர் அவ்வறுவர். படித்துத் தெரிந்துகொள்ள நூலொன்றும் இல்லை. பொறியின் மின்சுற்று வரைபடங்களே அவர்களுக்குப் பாடநூல். 1946 பிப்ரவரியில் எனியாக் உலகுக்கு அறிமுகம் செய்யப்பட்டபோது அதில் ஓடிய கணக்கை அமைத்தவர்கள் இவர்களே. ஆயினும் அன்றிரவு நடைபெற்ற விருந்துக்கு இவர்கள் அழைக்கப்படவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1997-இல், இவ்வறுவருக்கும் உரிய சிறப்புச் செய்யப்பட்டது.

எனியாக் போருக்கென்று கட்டப்பட்டது. நாள்தோறும் கடைகளிலும் அலுவலகங்களிலும் நடக்கும் கணக்கு வேலைக்குக் கணிப்பொறி பயன்படும் என்று அந்நாளில் எண்ணியோர் மிகச் சிலர். அச்சிலருள் முன்னின்றவர்கள் லண்டனில் தேநீரும் கேக்கும் விற்று வந்தனர்.

லயன்ஸ் நிறுவனம்

ஜே. லயன்ஸ் அண்டு கம்பெனி என்னும் நிறுவனம் தன் முதல் தேநீர்க் கடையை 1894-இல் லண்டன் பிக்காடிலித் தெருவில் திறந்தது. நாளடைவில் பிரிட்டன் எங்கும் இருநூறுக்கு மேற்பட்ட கடைகள் தோன்றின. லண்டனின் மேற்கே ஹாமர்ஸ்மித் பகுதியில் காட்பி ஹால் என்னும் பெரிய வளாகத்தில் ரொட்டியும் கேக்கும் ஐஸ்கிரீமும் செய்யப்பட்டன. தேயிலைக் கலவையும் இந்நிறுவனத்தின் பெரிய வாணிகமாக இருந்தது.

ஒரு கோப்பைத் தேநீரிலும் ஒரு துண்டுக் கேக்கிலும் கிடைக்கும் இலாபம் சில காசுகளே. இத்தகைய சிற்றிலாபம் கோடிக் கணக்கான முறை சேர்ந்தே நிறுவனம் வாழ வேண்டும். ஆகவே, எந்தப் பண்டத்தில் எவ்வளவு செலவு, எந்தக் கடையில் எவ்வளவு விற்பனை என்பதைத் துல்லியமாக அறிதல் இன்றியமையாததாயிற்று. இதற்காக எழுத்தர்கள் மிகப் பலர் நாள் முழுவதும் பேரேடுகளிலும் கூட்டற் பொறிகளிலும் உழைத்தனர். விற்பனைச் சீட்டுகளைக் கூட்டிப் பார்க்கும் செலவே இலாபத்தில் ஒரு பகுதியை உண்டுவிடும் நிலை இருந்தது.

இதனை உணர்ந்தவர் ஜான் சிம்மன்ஸ். இவர் கேம்பிரிட்ஜில் கணிதம் கற்றவர். 1923-இல் லயன்ஸில் சேர்ந்தவர். அலுவலக முறைகளை ஆராய்வதற்கென்றே 1930-களில் ஒரு தனிப் பிரிவை அவர் ஏற்படுத்தினார். ஒரு காகிதம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது, ஏன் போகிறது, போகாமல் இருந்தால் என்ன கெடும் என்று ஆராய்வதே அப்பிரிவினரின் வேலை. கணிப்பொறி என்னும் சொல்லையே கேள்விப்படாத காலத்தில், கணிப்பொறித் தொழிலின் சரிபாதியை இவர்கள் கற்றுக்கொண்டுவிட்டனர் என்று கூறின் அது மிகையாகாது.

கடல் கடந்த பயணம்

1947-ஆம் ஆண்டில் லயன்ஸ் நிறுவனம் தாமஸ் ரேமண்ட் தாம்சன், ஆலிவர் ஸ்டாண்டிங்போர்டு என்னும் இருவரை அமெரிக்காவுக்கு அனுப்பிற்று. போர்க்காலத்தில் அங்குள்ள அலுவலகங்கள் கண்ட முன்னேற்றங்களை அறிந்து வருவது நோக்கம். அலுவலகங்களில் அவர்கள் பெரிய புதுமை ஒன்றையும் காணவில்லை. ஆனால், எனியாக் திட்டத்தில் பங்கு கொண்டிருந்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைனைச் சந்தித்தபோது அவர்கள் கண் திறந்தது. அத்தகைய பொறியொன்று தங்கள் நாட்டிலேயே, கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில், மாரிஸ் வில்க்ஸ் என்பவரால் கட்டப்பட்டு வருகிறது என்பதை அமெரிக்காவிலேயே அவர்கள் அறிய நேர்ந்தது!

நாடு திரும்பிய இருவரும், அலுவலக வேலைக்கு இப்பொறி உதவும் என்று இயக்குநர்களிடம் அறிக்கை கொடுத்தனர். லயன்ஸ் 3,000 பவுனைக் கேம்பிரிட்ஜுக்கு உதவியாக அளித்தது. தன் ஊழியருள் எர்னஸ்ட் லெனார்ட்ஸ் என்பவரையும் அங்கு அனுப்பி வைத்தது. 1949 மே 6-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பொறியான எட்சாக் தன் முதற் கணக்கைச் செய்து முடித்தது. அதைக் கண்ட லயன்ஸ், அம்மாதிரியைப் பின்பற்றித் தனக்கென ஒரு பொறியைத் தானே கட்டிக்கொள்ள முடிவு செய்தது. கட்டுவதற்கு ஜான் பிங்கர்ட்டன் என்னும் இளம் விஞ்ஞானி அமர்த்தப்பட்டார். போர்க்காலத்தில் ராடார் ஆராய்ச்சியில் பயின்றவர் அவர். ஏறத்தாழ 6,000 வால்வுகளைக் கொண்ட அப்பொறிக்கு லியோ என்று பெயரிட்டனர். ‘லயன்ஸ் எலெக்ட்ரானிக் ஆபீஸ்’ என்பதன் சுருக்கம் அது.

பொறிக்குப் புரிய வைப்பவர் யார்?

பொறியைக் கட்டுவதற்கு விஞ்ஞானி கிடைத்தார். அதற்கு வேலை கற்பிப்பவர் எங்கிருந்து வருவது? கணித மேதைகளைத் தேடி லயன்ஸ் வெளியே போகவில்லை. அலுவலக முறைகளை ஆராய்ந்த தன் பிரிவையே அது நாடிற்று.

அப்பிரிவின் தலைவர் டேவிட் காமினர். அவர் பல்கலைக் கழகம் சென்றவர் அல்லர். 1936-இல் பயிற்சி ஊழியராக லயன்ஸில் சேர்ந்து, போருக்குச் சென்று, 1943-இல் வட ஆப்பிரிக்கப் போர்க்களத்தில் ஒரு காலை இழந்து திரும்பியவர். அவரோடு டெரிக் ஹெமி, லியோ பான்டல், ஜான் குரோவர் என்போர் சேர்ந்துகொண்டனர். பான்டல் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து அகதியாக வந்தவர். இச்சிறு குழுவே அலுவலக வேலைக்கு நிரல் எழுதும் தொழிலைத் தோற்றுவித்தது.

அவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாட்டைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அனுபவமுள்ள எழுத்தர் ஒருவரிடம் ‘இந்த வாரத்து ரொட்டிக் கணக்கைப் போடு’ என்று சொன்னால் போதும். சீட்டில் 10 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1,000 என்று இருந்தால், ‘இது கைத்தவறு’ என்று அவர் தாமே உணர்ந்து திருத்திக்கொள்வார். பொறிக்கு அவ்வுணர்வு இல்லை. எந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது, எதனோடு பெருக்குவது, எங்கே வைப்பது, எண் தவறாக இருந்தால் எவ்வாறு கண்டுகொள்வது என ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டளையாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுத்தரின் உள்ளத்தில் சொல்லாமலே இருந்த அறிவையெல்லாம் வெளியே கொணர்ந்து வரிசைப்படுத்துவதே புதுத் தொழிலின் உயிர்நாடி. அவ்வறிவு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பது அந்த அலுவலகத்தில் வாழ்ந்தவர்க்கே தெரியும்.

காமினர் கண்டிப்பு மிக்கவர். வேலையின் போக்கை முதலில் படமாக வரைதல் வேண்டும். பின்னரே கட்டளைகளை எழுதுதல் வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் வரி வரியாகச் சரிபார்த்தல் வேண்டும். பொறிக்குள் செல்லும் எண்களைப் பொறியே சோதித்துக்கொள்ள வழி செய்தல் வேண்டும். புது முறையைப் பழைய முறையோடு ஒருங்கே நடத்தி, இரண்டின் விடையும் ஒத்திருத்தல் கண்ட பின்னரே பழையதைக் கைவிடல் வேண்டும். இவ்விதிகளைத் தம் குழுவில் அவர் உறுதியாகக் கடைப்பிடித்தார். இன்று உலகெங்கும் நிரல் எழுதுவோர் போற்றும் நெறிகள் இவற்றினின்று பெரிதும் வேறுபட்டவை அல்ல.

முதல் வெற்றி

1951 நவம்பர் இறுதியில், ரொட்டிக் கூடங்களில் செய்யப்பட்ட ரொட்டி, கேக்கு முதலியவற்றின் மதிப்பைக் கணக்கிடும் வாராந்தர வேலையை லியோ ஏற்றுக்கொண்டது. வாணிக அலுவலக வேலையொன்றைக் கணிப்பொறி வாரந்தோறும் தவறாது செய்யத் தொடங்கியது உலகில் இதுவே முதன்முறை எனலாம்.

அடுத்து வந்தது சம்பளக் கணக்கு. இஃது எளிதன்று. சம்பளப் பட்டியலில் ஒரு தவறு நேர்ந்தால் ஒரு குடும்பத்தின் அந்த வாரச் செலவு முட்டுப்படும். ஆதலால் நெடுநாள் பழைய முறையோடு ஒப்பிட்டுப் பார்த்தே 1954-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வேலை லியோவிடம் ஒப்படைக்கப்பட்டது. தேர்ந்த எழுத்தர் ஒருவருக்கு எட்டு நிமிடம் பிடித்த ஓர் ஊழியரின் சம்பளக் கணக்கை அது ஒன்றரை விநாடியில் முடித்தது. பின்னர் போர்டு மோட்டார் கம்பெனியும் தன் ஊழியரின் சம்பளக் கணக்கை லியோவிடம் கொடுத்துச் செய்வித்துக்கொண்டது.

அதே 1954-இல் தேநீர்க் கடைகளின் தேவைப் பட்டியலும் லியோவின் வேலையாயிற்று. ஒவ்வொரு கடைக்கும் அடுத்த நாள் எத்தனை ரொட்டி, எத்தனை கேக்கு என்னும் நிலையான அளவு பொறியிடம் இருந்தது. நாள்தோறும் கடைப் பொறுப்பாளர் தொலைபேசியில் பேசும்போது, அவ்வளவினின்று மாறுபடுவதை மட்டும் சொன்னால் போதும். கேட்பவர் அதனைத் துளை அட்டையில் பதிப்பார். பொறி எல்லாக் கடைகளின் தேவையையும் தொகுத்து, எது எவ்வளவு சமைக்க வேண்டும், எந்த வண்டியில் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்னும் பட்டியலை அச்சிட்டுத் தரும். முழுப் பட்டியலையும் கடைக்காரர் ஒவ்வொரு நாளும் எழுத வேண்டியதில்லை. மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும் என்னும் கருத்து, கடையின் நடப்பை நன்கறிந்தவர்க்கே தோன்றக் கூடியது.

தேர்வும் தேறியவரும்

வேலை பெருகப் பெருக ஆள் தேவைப்பட்டது. லயன்ஸ் அதற்கும் ஒரு வழி கண்டது. நிறுவனத்தில் எப்பிரிவில் இருப்பவரும் விரும்பினால் கணிப்பொறி அறிமுக வகுப்பில் கலந்துகொள்ளலாம். ஒரு வாரம் பாடமும் பயிற்சியும் நடைபெறும். பட்டம் என்ன என்று கேட்பதில்லை. கொடுத்த சிக்கலைப் பகுத்து, ஒழுங்குபடுத்தி, பொறுமையோடு விடை காண்கிறாரா என்பதே நோக்கப்படும்.

1952-இல் அவ்வகுப்பில் சேர்ந்தவர்களுள் மேரி கூம்ஸ் ஒருவர். அவர் பல்கலைக் கழகத்தில் பிரெஞ்சு மொழி கற்றவர். லயன்ஸ் அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் சாதாரண வேலையில் இருந்தவர். வகுப்பில் இருந்த ஒரே பெண்ணும் அவரே. முடிவில் அவருக்கும் மற்றோர் இளைஞருக்கும் மட்டுமே வேலை கிடைத்தது. வாணிகக் கணிப்பொறிக்கு நிரல் எழுதிய முதல் பெண்மணி என்னும் பெருமை இவ்வாறு மொழி கற்ற ஒருவருக்கு வாய்த்தது. சம்பளக் கணக்கு முதலான பல நிரல்களில் அவர் உழைத்தார். பிறர் எழுதியதில் உள்ள பிழை கண்டு திருத்துவதில் வல்லவர் எனப் பெயர் பெற்றார். 1960-களில், உடற்குறையுடன் பிறந்த மகளைப் பேணும் பொருட்டு முழுநேர வேலையை விட்டார். அதன் பின்னரும் சில ஆண்டுகள் பகுதி நேரமாக உழைத்தார். பின்னாளில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகி, 2022-இல் மறைந்தார். தொழில் மாற்றம் அவர் வாழ்வில் ஒருமுறை அன்று, இருமுறை நிகழ்ந்தது.

இங்கு மற்றோர் உண்மையையும் மறைத்தல் கூடாது. அவ்வகுப்பில் தேறியவரினும் தேறாதவரே மிகுதி. கதவு எல்லோர்க்கும் திறந்திருந்தது; ஆனால் உள்ளே செல்லும் வழி எளிதாக இருக்கவில்லை. அஃதன்றி, ஒன்றரை விநாடியில் முடியும் சம்பளக் கணக்கு, பல எழுத்தர்கள் ஆயுள் முழுதும் கற்ற கைத்திறனை வேண்டாததாக்கிற்று. ஒரு மேசையில் புது வேலை தோன்றியபோது வேறு பல மேசைகளில் பழைய வேலை மறைந்தது.

பழைய வேலை மறையுங்கால்

பழைய வேலை மறையப் போவதை முன்னுணர்ந்து ஒருவர் என்ன செய்யலாம் என்பதற்கு, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் டோரதி வான் என்னும் அம்மையாரின் வாழ்வு தக்க சான்று. கறுப்பினத்தவரான அவர், வர்ஜீனியா மாநிலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1943-இல் லாங்லி விமான ஆராய்ச்சிக் கூடத்தில் கணக்காளராகச் சேர்ந்தார். அங்கே கறுப்பினப் பெண்கள் தனி அறையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். 1949-இல் அப்பிரிவுக்கு அவர் தலைமை ஏற்றார். 1958-இல் அக்கூடம் நாசாவின் அங்கமானபோது அப்பிரிவு கலைக்கப்பட்டது. மின்னணுக் கணிப்பொறியும் அங்கே வேரூன்றி வந்தது.

டோரதி வான் அதனைக் கண்டு ஒதுங்கவில்லை. போர்ட்ரான் என்னும் நிரல் மொழியைத் தாம் கற்றார்; தம்முடன் இருந்த பெண்களுக்கும் கற்பித்தார். கையால் கணக்கிட்டவர்கள் பொறிக்குக் கட்டளை எழுதுவோராயினர். எனினும், பிரிவு கலைந்த பின் அவருக்குத் தலைமைப் பதவி மீண்டும் கிடைக்கவே இல்லை. 1971-இல் அவர் ஓய்வு பெற்றார். கற்றவர்க்கு வேலை கிடைத்தது. கற்பித்தவர்க்கு உரிய பதவி கிடைக்கவில்லை. புதுத் தொழில் பழைய உலகின் அநீதிகளைத் தானாகத் துடைத்துவிடாது என்பதற்கு எனியாக் விருந்தும் இதுவும் சான்றுகள்.

மறைந்ததும் நின்றதும்

லியோவின் பிற்காலமும் எண்ணத்தக்கது. 1954-இல் லியோ கம்ப்யூட்டர்ஸ் என்னும் தனி நிறுவனம் தோன்றிற்று. இரண்டாம் வகை லியோவும் மூன்றாம் வகை லியோவும் கட்டப்பட்டு, இரும்புத் தொழிற்சாலைக்கும் புகையிலை நிறுவனத்துக்கும் அஞ்சல் துறைக்கும் விற்கப்பட்டன. தென்னாப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறின. அகதியாக வந்த பான்டல், தென்னாப்பிரிக்காவில் அத்தொழிலை ஊன்றச் சென்றார்.

ஆயினும், கேக்கு விற்ற பணத்தைக் கொண்டு கணிப்பொறி கட்டுவது நெடுநாள் நடக்கவில்லை. புதிய மாதிரி ஒவ்வொன்றுக்கும் பெருமுதல் வேண்டியிருந்தது. அமெரிக்க நிறுவனங்களோ பெரிய சந்தையைப் பின்புலமாகக் கொண்டு வளர்ந்தன. 1963-இல் லியோ, இங்கிலிஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. விரைவிலேயே லயன்ஸ் தன் பங்கை விற்றுவிட்டு விலகிற்று. முதல் லியோ 1965 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அஞ்சல் துறையில் இருந்த மூன்றாம் வகைப் பொறிகளுள் கடைசியானது 1981 வரை உழைத்தது. தேநீர்க் கடைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. காட்பி ஹால் 1983-இல் இடிக்கப்பட்டது.

பொறி மறைந்தது, கட்டிய நிறுவனமும் மறைந்தது. அங்கே பயின்றவர்களோ பிற கணிப்பொறி நிறுவனங்களிலும் அரசுத் துறைகளிலும் கல்லூரிகளிலும் பரவி, தாம் கற்றதைப் பிறர்க்குக் கற்பித்தனர். எந்த நிறுவனத்தில் நுழைந்தோம் என்பதினும் எதனைக் கற்றோம் என்பதே நிலைத்து நின்றது.

இன்று இத்துறையின் வாயிலில் நிற்போர், தாம் விட்டு வரும் தொழிலை ஒரு குறையாக எண்ணி நாணுகின்றனர். ரொட்டிக் கணக்கை அறிந்த எழுத்தரே ரொட்டிக் கணக்குக்கு நிரல் எழுத வல்லவராயினார் என்பதை லயன்ஸ் வரலாறு காட்டுகிறது. மருத்துவமனையில் உழைத்தவர்க்கு நோயாளிப் பதிவேடு எங்கே தவறும் என்பது தெரியும். துறைமுகத்தில் உழைத்தவர்க்குச் சரக்கு எங்கே தேங்கும் என்பது தெரியும். நிரல் மொழியை ஒருவர் சில திங்களிலோ சில ஆண்டுகளிலோ கற்றுக்கொள்ளலாம். ஒரு வேலையின் உள்ளும் புறமும் அறிவதற்கு அந்த வேலையில் வாழ்ந்திருக்க வேண்டும். அவ்வாறு வாழ்ந்தவர் வெறுங்கையோடு வரவில்லை, முதலோடு வருகின்றனர். அம்முதலைப் பெருக்கிக்கொள்ளும் உழைப்பு மட்டும் அவரைச் சார்ந்தது.